இறைபணியும் பசித்தோர் பந்தியும்

சிவமயம்

சோழவளநாட்டிலே சிவாலயம் இல்லாத ஊரைக் காண்டல் அரிது. அவ்வாலயத்தைச் சார்ந்து ஒரு மடமோ, திருக்கூட்டமோ, உழவாரப்பணி மன்றமோ, அன்னதானச் சபையோ இல்லாத ஊரும் அரிதேயாகும். காவிரி பாயும் நாட்டில் நெல் விளைதல் எத்துணை இயல்போ, அந்நெல்லில் ஒரு பகுதி அடியார்க்கு அமுதாதலும் அத்துணை இயல்பாக நெடுங்காலம் நிகழ்ந்து வருகின்றது. முன்னாளில் இத்திருக்கூட்டங்கள் அடியார்க்கு அமுதளித்தல், திருமுறை ஓதுவித்தல், திருக்கோயிலைத் துலக்குதல் என்பவற்றையே தம் பணியாகக் கொண்டிருந்தன. பின்னாளிலோ கல்விச்சாலை, மருத்துவசாலை, பெற்றோரை இழந்த பிள்ளைகட்கு இல்லம், வெள்ளமும் புயலும் வந்துழிக் கஞ்சி வார்க்கும் பந்தர் என அப்பணி பலவாய் விரிந்தது. விரியவே, பழையதோர் ஐயம் புதிய உருவில் எழலாயிற்று. பசித்தவன் எவனாயினும் அவனுக்குச் சோறிடுதல் சிவபுண்ணியமோ, பசுபுண்ணியமோ என்பதே அவ்வையம்.

சித்தாந்தம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. உயிர்களையே நோக்கி, யான் செய்கின்றேன் என்னும் முனைப்போடு செய்யப்படும் நல்வினை பசுபுண்ணியம். அதன் பயன் சுவர்க்கம் முதலிய இன்பநுகர்ச்சி. நுகர்ந்து கழிந்தபின் மீட்டும் பிறவி. சிவனை நோக்கிச் செய்யப்படுவது சிவபுண்ணியம். அது நுகர்ச்சியால் அழிந்தொழியாது, மலபரிபாகத்துக்கு ஏதுவாய் நின்று உயிரை ஞானத்துக்கு உய்க்கும். இவ்விலக்கணத்தைக் கைக்கொண்டு ஒருசாரார் கூறுவது வருமாறு: மாகேசுவர பூசையில் நீறணிந்த அடியார்க்கு இடும் சோறு சிவபுண்ணியம், மடத்து வாயிலில் நிற்கும் ஏழைக்கு இடும் சோறு பசுபுண்ணியம், ஆகலின் சைவத் திருக்கூட்டம் முன்னதையே செய்க, பின்னது அரசினர் செய்யற்பாலது. மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறாக, மக்களுக்குச் செய்யும் தொண்டே கடவுட்டொண்டாகலின், பூசையும் விழாவும் வீண்செலவென்றும், அப்பொருளையும் பந்திக்கே செலவிடுக என்றும் கூறுவர். முதற்சாரார் கொள்கை பந்தியைச் சுருக்குகின்றது. இரண்டாஞ்சாரார் கொள்கை பந்தியை வைத்துக்கொண்டு அது யாருடைய பந்தி என்பதை மறக்கின்றது.

இவ்விரண்டனுள் எது கொள்ளத்தக்கது, அன்றி இரண்டுமே விடத்தக்கனவோ என்பதை ஆராய்வார்க்கு, வேறெங்கும் செல்லாது இந்நாட்டிலேயே, காவிரிக் கரையிலேயே, விடை தொடங்குகின்றது.

திருவாவடுதுறைக்கு அணித்தான சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் ஆனிரை மேய்த்துக் கொண்டிருந்தபடியே உயிர் நீங்கினான். பசுக்கள் அவனுடலைச் சுற்றி, மோந்தும் கதறியும் மேய்தலொழிந்து நின்றன. திருக்கயிலையினின்றும் பொதியமலை நோக்கி வந்த சிவயோகியார் ஒருவர் அவ்வழியே வந்தார்; அக்கதறலைக் கேட்டார்; பசுக்களின் துயரை நீக்க வேறு வழியின்மையின் அவ்விடையன் உடலிற் புகுந்து எழுந்தார். அவரே திருமூலர். அவ்வுடலை விட்டு நீங்க இயலாது ஆவடுதுறைத் திருக்கோயிலில் அரசமரத்தின்கீழ் அமர்ந்து அவர் அருளியதே திருமந்திரம் என்பது சேக்கிழார் பெருமான் உரைக்கும் வரலாறு. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பத்தாந்திருமுறை முழுதும் பசுக்களின் கண்ணீரைத் துடைத்ததன்பின் விளைந்தது. அப்பசுக்கள் நீறணிந்திலவாம், அஞ்செழுத்து ஓதினவும் அல்ல. அவற்றின் துயர் பொறாது ஒரு சிவயோகியார் தம் பயணத்தையே நிறுத்தினார். அது பசுபுண்ணியமே எனின், அதன் வழியே ஆகமப்பொருள் தமிழில் இறங்கிற்று என்பதை யாங்ஙனம் விளக்குவது? பசுவென்னும் சொல்லுக்கு ஆவென்றும் உயிரென்றும் இருபொருள் உண்டு என்பதைச் சைவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. அத்திருமந்திரத்துள் அறஞ்செய்தலைக் கூறும் பகுதியில், உண்பான் இன்னான் என்று ஆராயாது இடுக என்றே திருமூலர் விதித்தலும் காண்க.

அற்றேல், பசுபுண்ணியம் சிவபுண்ணியம் என்னும் பாகுபாடு பொய்யோ எனின், அன்று. பாகுபாடு மெய்யே, அது நிற்குமிடத்தைப் பிறழக் கொண்டதே பிழை. கொள்வான் நெற்றியில் அதனைத் தேடுகின்றார். அது இருப்பது இடுவான் நெஞ்சில். சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்திலே அருணந்தி சிவனார் அன்பு, அருள், ஒழுக்கம், தானம், வாய்மை என்பவற்றையும் அருச்சனை, வணக்கம் என்பவற்றையும் ஒரே நிரையில் எண்ணி, இவை யாவும் இறைவன் பணித்த அறங்களே என்று முடிக்கின்றார். தானம் ஒரு நிரையிலும் பூசை மற்றொரு நிரையிலுமாக அவர் பிரித்தாரல்லர். அவ்விடத்தை அடுத்தே தக்கன் வேள்வியையும் சேய்ஞலூர்ச் சண்டேசர் செயலையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகின்றார். தக்கன் செய்தது பெருவேள்வி; எத்துணையோ பேர் அதில் உண்டனர்; அன்பின்மையால் அது தீமையாய் முடிந்தது. மண்ணியாற்றங்கரையில் சிறுவர் ஒருவர் செய்த கொடுஞ்செயல் அன்பினால் நன்மையாயிற்று. செயலின் உருவைக் கொண்டு புண்ணியத்தை அளத்தல் ஆகாதென்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் இறைபணி நிற்றலைக் கூறுகின்றது. பணி என்பது அங்கு உயிர் தன்னைத் தலைவனாகக் கருதாது நிற்கும் நிலை. எல்லாம் இறைவன் செயல் என்று கண்டு, அவனருளின் வழியே தன் கையும் வாயும் இயங்க நிற்பானுக்கு, அவன் செய்யும் வினை கட்டாகாது. ஆகவே ஒருவன் சோறிடும்போது, யான் இடுகின்றேன், இவன் பெறுகின்றான் என்னும் எண்ணம் நின்றதாயின், உண்பவர் அறுபத்து மூவரே ஆயினும் அது பசுபுண்ணியத்தின் மேற்செல்லாது. இறைவன் பொருளை இறைவன் உறையும் உயிர்க்கு அளிக்கும் அகப்பை தான் என்னும் எண்ணம் நின்றதாயின், உண்பவன் பெயரும் ஊரும் அறியாத வழிப்போக்கனே ஆயினும் அது சிவபுண்ணியமேயாம். உயிரும் அட்டமூர்த்தத்துள் ஒன்றாகலின் இதிற் கருத்துக்கு முரண் யாதுமில்லை.

இஃது ஒருவனைப் பற்றிய செய்தி. பலர் கூடிய ஒரு சபைக்கு நெஞ்சம் எங்கே உளது? சபையின் நெஞ்சம் அதன் வழக்கங்களிலே உளது. அறிக்கையில் அச்சிடப்படும் நோக்கங்கள் எல்லாச் சபைக்கும் ஒரே தன்மையனவாய் இருக்கும். பலகையில் எழுதும் பெயர், அடுக்களையில் நிற்கும் ஆள், பந்தி விரிக்கும் முறை, நெல் வந்த வழி என்பனவே வேறுபடுவன. இந்நான்கினையும் சோதிக்க நாயன்மார் வரலாறுகள் இந்நாட்டு ஊர்களிலேயே நிகழ்ந்திருத்தல் வியப்புக்குரியது.

திருவையாற்றுக்கு அணித்தான திங்களூரில் அப்பூதியடிகள் வைத்த தண்ணீர்ப்பந்தரை நோக்குக. திருப்பழனத்தை வணங்கி அவ்வழி வந்த திருநாவுக்கரசர், நிழலும் நீரும் பொருந்திய அப்பந்தரிலே தம் பெயர் எழுதப்பட்டிருத்தலைக் கண்டார். சாலையும், குளமும், சோலையும் அப்பெயரே பெற்றிருந்தன எனக் கேட்டார். அவ்வீட்டுப் பிள்ளைகளும், ஆனிரையும், நிறைகோலும் அளவைகளுங்கூட அப்பெயராலேயே வழங்கின. நும் பெயர் எழுதாது பிறிதொரு பெயர் எழுதியது என்னை என்று வினாவிய முதியவர்மீது அப்பூதியார் சினங்கொண்டார். தாம் ஒருகாலும் கண்டிராத ஒருவரின் பெயரை இகழ்ந்ததாகக் கருதி அச்சினம் எழுந்தது. எதிர் நிற்பவரே அப்பெயருக்குரியவர் என்று அறிந்தபோது அவர் பட்ட பாடு சொல்லில் அடங்காது.

அறஞ்செய்வானுக்குப் பசியினும் வலிய பகை ஒன்றுண்டு. அது தன் பெயரைக் காணும் வேட்கை. அப்பூதியார் அதனை வென்ற முறை நுட்பமானது. பெயரே எழுதாது விடுதல் ஒரு வழி. ஆயின் பெயரின்றிச் செய்தேன் என்னும் பெருமிதம் அவ்வழியே நுழையக்கூடும். அவர் பிறர் பெயரை எழுதி அவ்விடத்தை நிரப்பிவிட்டார். தம் பெயருக்கு அங்கு இடமே இல்லை. அதினும் வியப்பு, அளவையும் நிறைகோலும் அப்பெயர் தாங்கினமை. நாவுக்கரசர் பெயர் கொண்ட மரக்காலால் நெல் அளப்பவன் குறைத்தளக்க எங்ஙனம் துணிவான்? கணக்குச் சோதனை என்று இன்று சபைகள் செய்வதனை அவர் ஒரு பெயராலேயே செய்துகொண்டார். திருக்கோயில்களில் இன்று தூக்கப்படும் மின்விளக்குகளிலோ, கொடுத்தவர் பெயரும் அவர் தந்தை பெயரும் ஊரும் எழுதியபின், ஒளி வருதற்கு எஞ்சும் இடம் சிறிதேயாம்.

தஞ்சையில் ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய பெருஞ்சத்திரம் முக்தாம்பாள் சத்திரம் எனப் பெயர் பெற்றது. அம்மன்னரின் அன்புக்குரியவராய் மறைந்த ஒரு பெண்மணியின் பெயர் அது. சேதுயாத்திரை செல்வார்க்கு வழிநெடுக இருந்த அம்மரபினரின் சத்திரங்களைப் பற்றி அவர் 1801இல் கும்பினியாரின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்று உண்டு. அந்தணர் முதலாகத் தீண்டத்தகாதார் எனப்பட்டோர் ஈறாக வழிப்போக்கர் யாவர்க்கும் அங்கு உணவு உண்டென்றும், நோயுற்றார்க்கு மருத்துவரும், கருவுற்றார்க்குப் பேணுதலும், அனாதைப் பிள்ளைகட்குக் கல்வியும் உண்டென்றும் அதிற் கூறியுள்ளார். அவர் சித்தாந்தி அல்லர். ஆயினும் சைவத் திருக்கூட்டம் ஒன்று தன் பணிகளை வகுத்துக்கொள்ள விரும்புமாயின், அக்கடிதம் கண்டு வெட்குதற்கும் கற்றற்கும் இடமுண்டு.

இனி அடுக்களையில் நிற்கும் ஆள். இதற்குத் திருவீழிமிழலை நிகழ்ச்சியே இலக்கியம். சபை நடத்துவோர் பலரும் இதனைக் கதையாக அறிவரேயன்றிக் கணக்காக அறியார்.

மழை பொய்த்துப் பொன்னியும் சுருங்கி நாட்டிற் பஞ்சம் பரவிய காலத்தில், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு வீழிமிழலையில் எழுந்தருளியிருந்தனர். பஞ்சம் தீருமளவும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு தருவோம் என்று இறைவன் இருவர்க்கும் கனவில் அருளி, கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் காசு வைத்தருளினான். அக்காசு கொண்டு அரிசியும் காயும் வாங்கி, அடியாரெல்லாம் உண்ண வருக எனப் பறையறைவித்து இரு மடங்களிலும் அமுது நடந்தது. ஆயின் ஒரு வேறுபாடு நேர்ந்தது. அரசர் மடத்தில் உரிய வேளையில் அமுது முடிந்தது. பிள்ளையார் மடத்திற் காலம் தாழ்த்தது. என்னையெனப் பிள்ளையார் வினவ, அரசருக்கு அளித்த காசு வாசியில்லாதது. கடைக்காரர் உடனே பண்டம் தருகின்றனர். தேவரீர்க்கு அளித்த காசுக்கு வட்டம் கேட்கின்றனர் என்று அமுதமைப்போர் விடை பகர்ந்தனர். அரசர் கைத்தொண்டும் செய்பவர், அதனாலேயே அவருக்கு வாசியில்லாக் காசு என்று பிள்ளையாரே உணர்ந்தருளி, வாசி தீருமாறு திருப்பதிகம் பாடினார். காசின் குறை நீங்கிற்று.

இதன்கண் இடர்ப்பாடு ஒன்று உளது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஞானசம்பந்தர் ஞானப்பாலுண்டவர், சற்புத்திர மார்க்கத்துக்கு இலக்கியமானவர். அரசரோ தாசமார்க்கத்துக்கு இலக்கியமானவர். கிரியையினும் தாழ்ந்த படி சரியை என்று எண்ணப்படுவதாகவும், சரியையாளர் பெற்ற காசு ஏன் முழுமதிப்புடையதாதல் வேண்டும்? மகனுக்கு உரிமை உண்டு, பணியாளனுக்குக் கூலி உண்டு. கூலியிற் குறைத்தல் முதலாளிக்குப் பழி, ஆதலின் கூலிக்காசு நிறைவாய் வந்தது என்று அமைதி கூறுவாரும் உளர். அதுவும் ஒக்கும். ஆயினும் மற்றொன்றும் காணக்கிடக்கின்றது. அக்காசு இருவரில் எவர்க்கும் உரியதன்று, பசித்தார்க்கு உரியது. பசித்தாரின் சோறு கடைத்தெருவைக் கடந்து வரவேண்டும். கடைத்தெருவில் பாட்டின் பெருமை செல்லாது, காசின் மாற்றே செல்லும். தொண்டினை மேற்கொண்ட எவரும், அவர் எத்துணை மேலான படியில் நின்றாராயினும், பசித்தான் இலையில் சோறு விழும் நேரத்தாலேயே அளக்கப்படுவர். ஞானசம்பந்தர் இதனை இழுக்காகக் கொள்ளவில்லை. அரசர் மடத்தின் முறை சிறந்தது என்று உணர்ந்த அப்பொழுதே திருத்தம் வேண்டினார். எதிர்மடத்தில் அமுது முன்னதாக முடிகின்றதே, காரணம் என்னை என்று கேட்கும் உள்ளம் இன்றைய சபைத்தலைவருள் எத்துணைப் பேருக்கு உண்டு?

கைத்தொண்டு என்னும் சொல்லையும் எளிதாக விடுதல் ஆகாது. உழவாரம் ஏந்திப் புல் செதுக்கிய கை அது. பொருள் கொடுப்பாரும், கூட்டத்துக்குத் தலைமை தாங்குவாரும், சொற்பொழிவாற்றுவாரும் சபைகளில் எளிதிற் கிடைப்பர். விடியற்காலத்தே அரிவாள்மணையில் அமர்ந்து பூசணி அரிவாரும், அண்டாவை இறக்கக் கை கொடுப்பாரும், உண்டபின் எச்சிலிலை எடுப்பாருமே அரியர். பல சபைகளில் இவ்வேலைகள் கூலியாட்களுக்கு விடப்பட்டு, தொண்டர் என்னும் பெயரோ மேடையில் இருப்பார்க்கு வழங்குகின்றது. கூலி பெறுதல் குற்றமன்று. இலையெடுப்பவனைத் தொண்டன் என்று எண்ணாமையே குற்றம். வட்டம் கேட்கப்படும் காசு எது என்பது அங்கே விளங்கும்.

மூன்றாவது, பந்தி விரிக்கும் முறை. இதிலேயே சைவ உலகம் மிகுதியும் தவறியது. ஆதலின் இதனைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும்.

ஏமப்பேரூரில் தோன்றித் திருவாரூரில் தொண்டு செய்த நமிநந்தியடிகள், தண்ணீரால் விளக்கெரித்தவர் என்றே பெரிதும் பேசப்படுவர். அவர் வரலாற்றில் விளக்கினும் ஒளியுடைய பகுதி மற்றொன்று. பங்குனி உத்திர விழாவில் ஆரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருள, எல்லாக் குலத்தாரும் கலந்து உடன் சென்றனர். அடிகளும் சென்று வணங்கி இரவில் மீண்டார். மீண்டவர் வீட்டினுட் புகாது வெளியே நின்று, பலரோடும் கலந்தமையால் தூய்மை குன்றியது, நீராடியபின்னரே பூசனைக்குப் புகுதல் வேண்டும், நீர் கொண்டு வருக என்று மனைவியாரைப் பணித்தார். அயர்வால் அங்கேயே உறங்கிவிட்டார். கனவில் இறைவன் தோன்றி, ஆரூரிற் பிறந்தார் எல்லாரும் நம் கணங்களே. அதனை நீ காண்பாய் என்று அருளினான். விழித்தெழுந்த அடிகள் நீராடாமலே பூசை முடித்து, மறுநாள் ஆரூர் சென்றபோது அங்குள்ளார் யாவரும் சிவவடிவாய்த் தோன்றக் கண்டு நிலத்தில் வீழ்ந்து வணங்கினார்.

அடிகள் தீயவர் அல்லர், தொண்டரே. பூசையிற் பிழை நேரலாகாது என்னும் அச்சமே அவரை வாயிலில் நிறுத்தியது. திருக்கூட்டங்கள் பலவும் அவ்வச்சத்தினாலேயே பிழைத்தன என்று கொள்ளுதல் நடுவுநிலையாம். ஆயின் அடிகளின் அச்சம் ஓரிரவில் தீர்ந்தது. சோழநாட்டுப் பந்திகளின் அச்சம் நூற்றாண்டுகளாகத் தீரவில்லை. குலத்துக்கொரு பந்தியும், சிலர்க்கு முற்றத்திலும் சிலர்க்கு வாயிற்புறத்திலும் சோறும் என்னும் வழக்கு, அறத்தின் பெயராலேயே நிலைபெற்றது. வயலில் உழுதும் நட்டும் அறுத்தும் அந்நெல்லை விளைத்தவரே அந்நெற்சோற்றின் பந்தியில் அமர இயலாதவர் ஆயினர். தஞ்சைப் பெரிய கோயில் அவர்க்குத் திறந்தது 1939இல்; கோயில் நுழைவுக்குரிய முழுச்சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947இல். கனவில் வந்த கட்டளைக்கும் அச்சட்டத்துக்கும் இடையே ஓராயிரம் ஆண்டுக்கு மேற்சென்றது.

இது மடங்களுக்கே உரிய குறையன்று. புதிய நோக்கத்தோடு எழுந்த நிலையங்களும் இவ்விடத்திலேயே இடறின. வ. வே. சு. ஐயர் 1922இல் பொருநைக்கரைச் சேரன்மாதேவியிற் குருகுலம் நிறுவியபோது, நாட்டுப்பற்றும் தமிழும் கைத்தொழிலும் ஒருங்கே வளர்க்கும் இடமாக அது போற்றப்பட்டது. பல குலத்தாரும் பொருளுதவினர். அங்கே இரு மாணாக்கர் மட்டும் தனியே அமர்ந்து உண்ண இசைவு தரப்பட்டது. இரண்டு இலைகள்! அவ்விரண்டு இலைகளை முன்னிட்டு எழுந்த பூசல் தமிழ்நாடெங்கும் பரவி, குருகுலம் குலைந்தது. தமிழ்நாட்டு அரசியலின் போக்கும் திரும்பியது. ஐயரின் தியாகத்தை ஐயுறுவார் இல்லை. ஒரு நிலையத்தின் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் அதன் பந்தியே அதன் உண்மைக் கொள்கையைப் பறைசாற்றும் என்பதற்கு அது சான்றாய் நின்றது.

பந்தியை இடரே சில வேளைகளிற் கற்பிக்கின்றது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறித் தென்னையும் கூரையும் சாய்த்தபோதும், சோறு சமைத்தவர் எவரும் உண்பவர் குலத்தையோ சமயத்தையோ கேட்க நேரம் பெற்றிலர். பசுபுண்ணியமோ சிவபுண்ணியமோ என்னும் ஐயமும் அப்பொழுது எவர்க்கும் எழவில்லை. கடல் வற்றியபின் பழைய ஐயங்களும் மீண்டன.

நான்காவது, நெல் வந்த வழி. இதனைப் பற்றித் திருக்கூட்டங்கள் பேச விரும்புவதில்லை.

மடங்களின் அறம் சிறிதன்று. தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரின் மாணவராகிய குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசி சென்று மடம் நிறுவினார். அவர் வழியினரான தில்லைநாயக சுவாமிகளால் 1720இல் திருப்பனந்தாளில் காசிமடம் அமைந்தது. சென்னைப் பல்கலைக்கழக வித்துவான் தேர்வில் முதல்வராய்த் தேறினார்க்கு அம்மடம் ஆயிரம் ரூபாய்ப் பரிசு வழங்கியதும், 1935இல் மு. வரதராசனார் அதனைப் பெற்றதும் தமிழுலகம் அறிந்தவை. தருமபுரத்தில் 1946இல் தமிழ்க்கல்லூரி எழுந்தது. திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகர் காலத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், அவரை அடுத்து 1871இல் மாணாக்கராய்ச் சேர்ந்த உ. வே. சாமிநாதையரும் பெற்ற ஆதரவு பெரிது. ஆதீனத்துச் சோற்றை உண்டு கற்ற அவ்வையர் 1887இல் பதிப்பித்துப் புகழ்பெற்றது சமணக் காப்பியமாகிய சீவகசிந்தாமணி. உண்டவன் எதற்கு உழைப்பான் என்று எண்ணி இடப்பட்ட சோறு அன்று அது. தொண்டின் இலக்கணம் முழுதும் அதில் உண்டு.

இத்துணை அறத்துக்கும் வேர் நிலம். மடத்து நிலமும் கோயில் நிலமும் குத்தகைக்காரராலும் வாரக்காரராலும் பண்ணையாட்களாலும் உழப்பட்டன. சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழியைச் சொத்தினைக் கவர்வார்மீது ஏவுதல் வழக்கம். அச்சொத்தினை விளைப்பவன் வயிறு வாடினால் அப்பழமொழி யார்மேற் செல்லும் என்று கேட்பார் குறைவு. 1952இல் தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களையும் வாரக்குடிகளையும் காக்க அவசரச்சட்டம் ஒன்று வேண்டியதாயிற்று. 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, பாடல்பெற்ற தலமாகிய கீழ்வேளூருக்கு அணித்தான கீழ்வெண்மணியில், கூலிநெல் பற்றிய பூசலின் முடிவாக 44 உயிர்கள் ஒரு குடிசையுள் எரிந்தன. அந்நிலம் எந்த மடத்தினதும் அன்று; ஆயினும் அது திருமுறை ஒலித்த நாடு, நாயன்மார் நடந்த நாடு. அந்நெருப்பு நமக்குரியதன்று என்று சைவ உலகம் கூறி விலகுதல் எளிதன்று.

என்னை? கூலிநெல் என்பது சைவர்க்கு அயலான சொல் அன்று. கணமங்கலத்து அரிவாட்டாய நாயனார் செல்வம் அனைத்தும் இழந்தபின், கூலிக்கு நெல்லறுத்தே வாழ்ந்தார். கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கு அமுதாக்கினார். கார்நெல்லைத் தாம் உண்டார். பின்னர் அறுக்கக் கிடைத்தன எல்லாம் செந்நெல்லேயாக, அனைத்தையும் திருவமுதுக்கே வைத்து, தாம் கொல்லையிற் கீரை உண்டார். அதுவும் அற்றபின் தண்ணீர் பருகினார். அறுபத்து மூவருள் ஒருவர் இந்நாட்டு வயலில் அரிவாள் பிடித்த கூலியாள். அவர் பெயரால் குருபூசை நடத்தும் சபையின் களத்தில், அரிவாள் பிடித்தவனுக்கு அளக்கும் மரக்காலும் அடியார்க்கு அளக்கும் மரக்காலும் ஒன்றேயா என்று காணல் வேண்டும். அப்பூதியார் வீட்டு மரக்காலின் பெயர் ஈண்டு மீளவும் நினைவுக்கு வருகின்றது.

அவ்வீட்டிலே அன்று நடந்த விருந்தையும் கூறவேண்டும். நாவுக்கரசர் அமுது செய்ய இசைந்தமை கேட்டு, மனைவியார் அறுசுவை அமுது சமைத்தார். வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டவும், குருத்தினைத் தாயார் கையில் கொடுத்தபின்னரே வீழ்ந்தான். விருந்து தடைப்படலாகாது என்று பெற்றோர் பிள்ளையின் உடலை மறைத்துவிட்டு, ஒன்றும் நிகழாதார் போல அரசரை அமுதுக்கு அழைத்தனர். அரசர் ஆசனத்தில் அமர்ந்து எல்லார்க்கும் திருநீறு வழங்கப் புகுந்தார். மூத்த பிள்ளையையும் அழைக்க என்றார். இப்பொழுது அவன் இங்கு உதவான் என்றார் அப்பூதியார். அவ்விடையால் அரசர் நெஞ்சம் தடுமாறிற்று, உண்மை கேட்டறிந்தார், உண்ணாது எழுந்தார். பிள்ளையின் உடலைத் திருக்கோயில் முன்னர்க் கொணர்வித்துத் திருப்பதிகம் பாட, நஞ்சு நீங்கி அவன் எழுந்தான். பிள்ளை பிழைத்தமைக்கு மகிழாது, அரசர் அமுது செய்யக் காலம் தாழ்த்ததே என்று அப்பொழுதும் வருந்தினர் பெற்றோர்.

மீண்டும் வீட்டில் நிலம் மெழுகி இலை இட்டனர். கை கழுவ நீர் பெற்ற அரசர், அப்பூதியாரையும் பிள்ளைகளையும் நோக்கி, நீவிரும் உடன் அமர்ந்து உண்பீராக என்று பணித்தார். வேளாண் குலத்துத் துறவியார் அருகே அந்தணரும், அவர் மைந்தரும், உடன் வந்த அடியாரும் ஒரு நிரையில் அமர்ந்தனர். அம்மையார் பரிமாறினார். பிள்ளை அரிந்து தந்த குருத்திலே சோறு விழுந்தது.

திருச்சிற்றம்பலம்